கல் வேண்டும், கல் வேண்டாம்

கருங்கல்லைக் கடலோரத்தில் கொட்டும்போது சத்தம்தான் பெரிதாகத் தெரியும் என்று நினைப்பீர்கள். சத்தமும் இருந்தது, டிப்பர் லாரியின் தொட்டி மேலே எழும்பி, பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு விழும்போது எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஆனால் எனக்கு இன்றைக்கும் மறக்காமல் இருப்பது அந்த வாசனை. கல்லும் கல்லும் மோதிப் பொறி பறந்த இடத்திலிருந்து, தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே ஒரு மருந்து வாசனை, அது உப்புக் காற்றோடு கலந்து எங்கள் வாசலுக்கு வரும். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு, இனிமேல் நம் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அத்தனை முட்டாளாக நான் இருந்ததில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் சொல்ல முடியவில்லை.

புதுச்சேரி கடற்கரை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெள்ளைக் கட்டடங்களும், சிலையும், மாலையில் ஐஸ்கிரீமோடு நடக்கும் கூட்டமும்தான் கண்ணுக்கு வரும். அந்தச் சாலை வடக்கே முடிந்து, சாக்கடை வாய்க்காலையும் தாண்டினால் எங்கள் குப்பம். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். அவர்கள் பிடித்து வருவதை அம்மா கூடையில் அள்ளிக்கொண்டு போய்ப் பெரிய மார்க்கெட்டில் விற்பாள். வாசல் கிழக்குப் பார்த்தது. இறங்கினால் மணல், மணல் முடிந்தால் கடல், நடுவில் ஒரு வீடு கிடையாது. ஒரே அறை, ஒரு அடுக்களை, மேலே தளம். கூரையாக இருந்ததைத் தளமாக மாற்ற அம்மா எத்தனை வருஷம் வெயிலில் உட்கார்ந்தாள் என்பதை அவள் வாயால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நாங்கள் கேட்டாக வேண்டும்.

வாசலுக்கு நேரே மணலில் ஒரு தண்டவாளத் துண்டு நட்டிருந்தது, ஆள் உயரத்துக்கு மேல். கப்பல் சரக்கு ஏற்றி இறக்க ஒரு காலத்தில் கடற்பாலத்தின் மேல் தண்டவாளம் போட்டிருந்தார்களாம். பாலம் போன பிறகு அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்து படகு கட்டுவதற்காக இங்கே நட்டார்களாம். யார் நட்டது, எப்போது நட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நாங்கள் அதை "ரயிலு" என்றுதான் சொல்வோம். "ரயிலாண்ட நிக்கறேன்", "ரயிலுல கயித்தக் கட்டிட்டு வா" என்று நாள் முழுவதும் அந்தப் பேச்சுதான். நிஜ ரயிலில் ஏறியே பார்க்காத நாங்கள் தினமும் அதன்மேல் ஏறிச் சறுக்கினோம்.

கடலை அளப்பதற்கும் அதுதான் எங்களுக்குக் கணக்கு. ரயிலில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, குதிகாலும் பெருவிரலும் தொட அடிமேல் அடி வைத்து, தண்ணீர் காலை நனைக்கும் வரை எண்ணுவோம். மூன்றாம் வகுப்பில் எண்ணும்போது நூறைத் தாண்டி எனக்கு எண் குழம்பிவிடும். ஐந்தாம் வகுப்பில் எழுபதிலேயே கால் நனைந்தது. என் கால் வளர்ந்ததால் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு வெளியே போய், தானும் அடி வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் மறுசோறு கேட்கவில்லை.

இடையில் சுனாமி வந்து போனது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அது ஒரு நாள் வந்த கடல். நான் சொல்வது தினமும் வந்த கடலை. மண் எப்படிப் போகிறது என்று கேட்டால் பெரியவர்கள் தெற்கே கை காட்டுவார்கள். "அங்க கடலுக்குள்ள கல்லு கட்னதுலேர்ந்து மண்ணு இந்தப் பக்கம் வர மாட்டேங்குது" என்பார்கள். தெற்கேயிருந்து நீரோட்டத்தோடு வந்து சேரும் மண்தான் எங்கள் கரை. அது வராமல் நின்றுவிட்டால், கடல் இருக்கிற மண்ணைத் தின்னும். நகரத்தின் சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள், சாலை பிழைத்தது. கல் முடிகிற இடத்தில் கடல் திரும்பிக் கடிக்கத் தொடங்கியது. கல் முடிகிற இடம் எங்கள் குப்பம்.

அதனால் குப்பமே கூடி எங்களுக்கும் கல் வேண்டும் என்று மனு கொடுக்க முடிவு செய்தது. தெருக்கோடியில் ஒரு "சொல்தா" வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரிடம் மேசையும் பேனாவும் இருந்ததால் அப்பா அவரிடம் போனார். அவரும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் நிறைய, முத்து முத்தாகப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். அதை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. திருப்பிக் கையில் கொடுத்து, "தமிழ்ல எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்களாம். அப்பா அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

முழுத்தாளில் இடது பக்கம் மடித்து ஓரம் விட்டு, "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று நான்தான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்; அதே அமைப்புதான். காய்ச்சல் என்கிற இடத்தில் கடல் என்று போட்டுக்கொண்டேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதும்போது, கல் போட்டால் படகை எங்கே இழுப்பது என்று சித்தப்பா கேட்டார். சித்தப்பா அதிகம் பேசாதவர், பேசினால் இப்படி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வார். "படகை அப்பறம் பாத்துக்கலாம்டா. மொதல்ல வூடு" என்றார் அப்பா. கீழே குப்பத்துக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். என் எழுத்துக்குக் கீழே அத்தனை பெரியவர்களின் விரல் ரேகையைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதம் லாரி வந்தது. தெற்கிலிருந்து வீடு வீடாகக் கல் வளர்ந்து வந்தது. பாதிக் குப்பம் தாண்டும்போதுதான் சித்தப்பா கேட்ட கேள்வி எல்லோருக்கும் உறைத்தது. படகைக் கல்லின்மேல் ஏற்ற முடியாது, ஃபைபர் கிழிந்துவிடும். வலையைக் காயப் போட மணல் இல்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மாசி மகத்துக்கு எங்கெங்கோ ஊர்களிலிருந்து சாமிகள் எங்கள் பக்கக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் குப்பத்து மாரியம்மனும் அன்றைக்கு இறங்கிக் குளிக்க வேண்டும். பல்லக்கைத் தோளில் வைத்துக்கொண்டு பாறைமேல் யார் நடப்பது? "ஆத்தா கால் வெக்க எடமில்லாம அடைச்சிட்டீங்களேடா" என்று கிழவிகள் ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளரை நாங்கள் "ஜே.இ. சார்" என்போம். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு லாரிக்குக் கை காட்டுவார், நல்ல மனிதர். அவரிடம் போய் ஒரு படகு போகிற அளவுக்கு வழி விடச் சொன்னார்கள். "அங்க அலை உள்ள வரும், யோசிச்சிக்கங்க" என்றார். வேண்டும்தான் என்றார்கள். "அப்ப எந்த எடம்னு நீங்களே முடிவு பண்ணி எழுதிக் குடுங்க. எழுத்துல இருந்தாதான் என்னால வுட முடியும்" என்று சொல்லிவிட்டார்.

கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். சித்தப்பா எழுந்து, "வடக்கால ஐஸ் கம்பெனி சுவரு பக்கம் வுட்டா வூடு ஒண்ணும் கிடையாது. அங்க வுடலாம்ணா" என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவ்ளோ தூரம் எஞ்சினத் தூக்கினு எவன் நடப்பான்? ரயிலு எங்க இருக்குதோ அங்கதான் படகு. எங்க அப்பன் காலத்துலேர்ந்து அங்கதான் கட்டறோம், சாமியும் அங்கதான் எறங்குது. வழி எங்க வூட்டுக்கு நேரா வரட்டும்" என்று ஒரே போடாகப் போட்டார். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த கூட்டம் உடனே ஒத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். எங்கள் அப்பா ஜெயித்துவிட்டார் என்று நான் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் ஏன் அத்தனை சுலபமாக ஜெயித்தார் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு.

அம்மா அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். "ஊரே கல்லு வேணும்னு கெஞ்சுது, இந்த மனுஷன் நம்ம வாசல்ல மட்டும் வேணாம்னு வாங்கியாந்திருக்கான் பாரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எழுதாத. அப்பா சொன்னா எழுதிடுவியா?" என்றாள். நான் எழுதினேன். "எங்கள் வீட்டு எதிரில் உள்ள தண்டவாளக் கம்பத்துக்கு இரு பக்கமும் கல் போட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." அம்மாவின் பேச்சைவிட, எனக்குத் தெரிந்த ஒரு பொருள் அரசாங்கத்துத் தாளில் ஏறப்போகிறது என்கிற பெருமைதான் அப்போது பெரிதாக இருந்தது. அப்பா கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் போட்டார்.

கேட்டபடியே வழி விட்டார்கள். ரயிலுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளிக் கல் நின்றது, நடுவில் எங்கள் வாசல் திறந்து கிடந்தது. அந்த மாசி மகத்துக்கு ஆத்தா எங்கள் வாசலைத் தாண்டித்தான் இறங்கினாள். நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் அப்பா ரயிலைப் பிடித்துக்கொண்டு நின்று, பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு "பாத்து, பாத்து, இந்தப் பக்கம்" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். புது வேட்டி நனைந்து முழங்காலில் ஒட்டியிருந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது.

சித்திரை, வைகாசி என்று ஆவணி வரை கடல் சும்மா இருந்தது. பக்கத்துக் குப்பத்துப் படகுகள்கூட எங்கள் வழியாக வந்து ஏறின. புரட்டாசி முடிவில் காற்று திரும்பி வடக்கேயிருந்து "வாடை"யாக வந்தபோது, ஜே.இ. சார் சொன்னது புரிந்தது. கல்லில் மோதின அலை இரண்டு பக்கமும் திரும்பி, போக இடமில்லாமல் அந்த ஒரு சந்துக்குள் வந்தது. முன்பு அலை வரும், நிற்கும், போகும். இப்போது ஓடி வந்தது. போகும்போது ரயிலின் காலடி மண்ணை இழுத்துக்கொண்டு போனது. அடி வைத்து எண்ணுகிற விளையாட்டை நாங்கள் நிறுத்திவிட்டோம், எண்ணுவதற்கு மணல் இல்லை.

அப்பா சிமெண்டுச் சாக்கில் மணல் நிரப்பி வாசலில் அடுக்கத் தொடங்கினார். சாக்குக்கு மணல் எங்கே எடுப்பது? முன்பக்கம் கடல் எடுத்துக்கொண்டது, தெருவில் சிமெண்டுச் சாலை. வீட்டுக்குப் பின்னால்தான் மணல் இருந்தது. நானும் அம்மாவும் கொல்லையைத் தோண்டித் தோண்டி நிரப்பிக் கொடுத்தோம், அப்பாவும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு போய் முன்னால் போட்டார்கள். நாங்கள் வீட்டின் பின்காலை வெட்டி முன்காலுக்கு முட்டுக் கொடுக்கிறோம் என்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். இரண்டு நாளில் சாக்கெல்லாம் கிழிந்து, வெறும் சாக்கு மட்டும் பாறை இடுக்கில் கிடந்து ஆடியது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மூன்றாவது மனுவை எழுதினேன். "விட்ட இடத்தில் கல் போட வேண்டும்." அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார். ஜே.இ. சார் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டு, பீரோவைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்து, இரண்டாவது மனுவை மேசைமேல் வைத்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, அதே ஓரம், அதே "பெருமதிப்பிற்குரிய ஐயா". ஒன்றில் கல் வேண்டும், ஒன்றில் கல் வேண்டாம்.

"நீங்கதானே வேணாம்னு குடுத்தீங்க" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. வேலை முடிந்தது என்று மேலே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, லாரிகள் வேறு இடத்துக்குப் போய்விட்டன, மறுபடியும் கேட்டு அனுப்புகிறேன், வந்தால் போடுகிறேன் என்றார். எப்போது வரும் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டாலும் ஜே.இ. சாருக்குத் தெரிந்திருக்காது. "யாரு எழுதினது?" என்று கேட்டார். "எம் பொண்ணு சார்" என்றார் அப்பா, அந்த நேரத்திலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஜே.இ. சார் என்னைப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்குதும்மா" என்றார். அந்த மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

ஐப்பசி அமாவாசையன்று மத்தியானம், அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வாசற்படி கீழே இறங்கியது. இடிந்து விழுந்த சத்தமெல்லாம் இல்லை; படிக்கு அடியில் மண் இல்லாததால் அது தானாகக் கீழே உட்கார்ந்தது. பிறகு முன்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடியது. "எழுந்து வெளிய போடி" என்று அம்மா என்னைப் பின்பக்கமாகத் தள்ளினாள். சித்தப்பா எங்கிருந்தோ ஓடி வந்து டிவியையும் அரிசிக் குண்டானையும் வெளியே எடுத்து வைத்தார். அன்றைக்கு அவர் எதை வேண்டுமானாலும் சொல்லிக் காட்டியிருக்கலாம், சொல்லவில்லை. தெருக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். தோளில் தட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் நின்றார், அவர் வீட்டுக்கு முன்னால் கல் இருந்தது. மாலைக்குள் முன்சுவர் போய், தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் இறங்கியது. வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்த அந்தத் தளத்தை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அழாமல் நின்றாள், எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. அப்பா மட்டும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சாய்ந்து, பாதி உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது.

நாங்கள் லாஸ்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அடுத்த கோடையில் எங்கள் மூன்றாவது மனுவுக்குக் கல் வந்தது. வழி அடைக்கப்பட்டது, எங்கள் வீடு இருந்த இடத்தோடு சேர்த்து. படகைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். அப்பா வேறு ஒருவர் படகில் ஆளாகப் போனார். அந்த வீட்டைப் பற்றி அவர் கடைசி வரை பேசியது ஒரே வாக்கியம்தான். யாராவது எடுத்தால், "நம்ம கேட்டதுதானே குடுத்தாங்க" என்பார்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் எழுத்து வேலைதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளைக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். தெற்கிலிருந்து வடக்கு வரை ஒரே கருங்கல். "இங்கதான் மணல் இருந்துச்சு, இங்கதான் அம்மா ஓடுவேன்" என்று காட்டினால், அவள் பாறையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ரயிலு கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்லுக்கு அடியில் கிடக்கிறதோ, கடல் கொண்டுபோனதோ, கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு மொபட்டில் மீன் கொண்டுவருகிற செல்வி, வடக்கே கல் முடிகிற இடத்துக்கு அடுத்த குப்பத்துக்காரி. போன மாதம் மீனை நிறுத்துப் போட்டுவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றாள். "எங்க பக்கம் கடல் ரொம்ப உள்ள வந்துடுச்சுக்கா. கல்லு போடச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடேன். நீ ஆபீஸ்ல இருக்க, உனக்குத் தெரியும்" என்றாள். கல் போட்டால் மணல் போய்விடும், படகு இழுக்க இடம் இருக்காது, உங்களுக்கு வடக்கே இருக்கிறவர்களை அது கடிக்கும் என்றெல்லாம் நான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "எல்லாம் தெரியும்க்கா. படகை அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல வூடு. வேற என்னா பண்றது, நீயே சொல்லு" என்றாள்.

நான் உள்ளே போய் முழுத்தாள் எடுத்து, இடது பக்கம் மடித்து ஓரம் விட்டு, "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி எழுதிக் கொடுத்தேன். செல்வி மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கையெழுத்து நல்லா இருக்குதுக்கா" என்றாள்.